ஆரணிக்கு மண் அரைக்கப் போன ஒரு வாரம்

ஆரணி பஸ் நிலையத்தில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. அதை வாங்கி டிரைவருக்குப் பின்னால் வைத்த கண்டக்டரே, நான் தரையில் கால் வைத்ததும் விசில் ஊதினார். பஸ் போளூர்ப் பக்கம் போய் மறைந்தது. கையில் மிஞ்சியது ஸ்பானர் பை மட்டும்.

"பொட்டி பூடுச்சா சார்?" என்று பூக்கடைக்காரர் ஒருவர் தலை நிமிராமல் கேட்டார். "பேஜாராவாதீங்க. அதே வண்டி நாளைக்கு வரும். இல்லாங்காட்டி நாளான்னிக்கு."

அவர் பேசிய தமிழ் எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், பீடோர் என்ற சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைத் தேடி நான் வரவும் இல்லை. ஒரு மில்லைப் பூட்டிக் கொடுக்க வந்தேன்.

பீடோரைச் சுற்றி வெள்ளைக் களிமண் தோண்டுகிறார்கள். அதைக் காயவைத்து, உடைத்து, மைதா மாவைவிடப் பல மடங்கு நைசாக அரைத்தால் பெயின்ட்டுக்கும் காகிதத்துக்கும் ரப்பருக்கும் போகும். அப்படி அரைக்கும் மில் ஒன்றை நான் பதினோரு வருஷம் ஓட்டினேன். ரிங்கிட் மதிப்பு விழுந்த மறு வருஷம் எங்கள் கம்பெனி மூடியது. மில்லைக் கழற்றி விற்றார்கள். வாங்கியவர் ஆரணிக்காரர். மில் கப்பலில் போனது. அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, ஆளைப் பழக்கிவிட்டு வர ஒரு வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள். திரும்பிப் போனால் எனக்கு அங்கே வேலை கிடையாது. மில் நன்றாக ஓடுகிறது என்று வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு கடிதம்தான் அடுத்த வேலைக்கு நான் காட்டக்கூடிய ஒரே சான்று. இந்த ஒரு வாரத்தில் நான் செய்த எல்லாவற்றுக்கும், செய்யாமல் விட்டதற்கும், அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

மில்லை வாங்கியவர் பெயர் தரணேந்திரன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தமிழ்ச் சமணர், ஐம்பது வயது, மெல்லிய குரல். பெட்டி போனதைச் சொன்னதும், "வரும் வரும், எங்க போவப் போவுது," என்றார். அவருடைய வேட்டியையும் சட்டையையும் கொடுத்தார். சட்டை எனக்குத் தோளில் பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் கையைத் தூக்க முடியாமல்தான் வேலை பார்த்தேன்.

தங்கியதும் அவர் வீட்டில்தான். நல்ல மனிதர்கள், நல்ல வீடு. ஆனால் அங்கே பொழுது சாய்வதற்கு முன் ராச்சாப்பாடு முடிந்துவிடும். விளக்கேற்றிய பிறகு யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. முதல் நாள் எனக்கு அது தெரியாது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டம்மா சங்கடத்தோடு வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தரணேந்திரன், "நீங்க அஞ்சரைக்கு வந்திருக்கணும் சார்," என்றார். நான் பஸ் நிலையத்துக்கு நடந்து போய்ப் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவை ரொட்டி சானாய் என்போம். அதைப் போடுகிறவர் மாவை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பசி பாதி அடங்கும். இங்கே பரோட்டா முன்பே போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். சால்னா மட்டும் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை மில்லைப் பார்த்தேன். அது முன்பு அரிசி ஆலையாக இருந்த கட்டடம். நெல் காய்ந்த களத்தில் இப்போது வெள்ளை மண் கட்டிகள் காய்ந்தன. மில்லை இறக்கி நிறுத்திவிட்டிருந்தார்கள். அடித்தளம் சரியாகத்தான் இருந்தது. அதைச் செய்தவர் முனிரத்தினம். அரிசி ஆலைக் காலத்திலிருந்து அங்கே மிஷின் ஓட்டுகிறவர், என் வயதுக்காரர். இனி இந்த மில்லை ஓட்டப் போகிறவரும் அவர்தான்.

"மண்ணு காஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா காஞ்சி கீது சார். மூணு நாளா வெய்யில்ல போட்டுகினு இருக்கோம்."

ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். நடுவில் இன்னும் குளிர்ச்சி இருந்தது. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் இந்த மில்லுக்கு ஆகாது. அரைபட்ட தூள் காற்றில் மேலே எழும்ப வேண்டும். உள்ளே வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்று பருமனானதைத் திருப்பி அடித்துவிட்டு மெல்லியதை மட்டும் விடும். ஈரமான தூள் எழும்பாது, சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். "நெல்லுக்கு இந்தக் காய்ச்சல் போதும், மண்ணுக்குப் போதாது," என்றேன். முனிரத்தினம் ஆறு பெண்களைக் கூப்பிட்டு, களம் முழுக்கக் கிடந்த கட்டிகளைச் சுத்தியலால் பாக்களவு உடைக்கச் சொன்னார். அன்று முழுக்க அதுதான் நடந்தது. எனக்கு ஒரு நாள் போனது. மறுபடி பரோட்டா.

புதன்கிழமை பெட்டி வந்தது. அதே கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டு, "இவ்ளோ நாளா ஏன் யாரும் கேக்க வரல?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

அன்று மில்லில் வேறு சிக்கல். ஒன்பதரைக்கு மோட்டாரைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. மீட்டரைப் பார்த்தால் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊரில் இருக்கும் அரிசி ஆலைகளும் விசைத்தறிகளும் ஒன்பது மணிக்கு மேல் ஓடத் தொடங்கினால் அப்படித்தானாம். இதை எனக்கு முதல் நாளே சொல்லவில்லையே என்று முனிரத்தினத்திடம் கேட்டேன்.

"நீங்க கேக்கலியே சார்."

"எப்பதான் நல்லா இருக்கும்?"

"காலைல அஞ்சரைக்குப் போட்டா எட்டரை வரைக்கும் சூப்பரா இருக்கும்."

சரி, காலையில் ஓட்டுவோம் என்று முடிவானது. அந்தக் காலை நேரத்தில் பின்புறத் தெருவில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இங்கே கேட்டால்தான் எதுவும் சொல்வார்கள் என்று அப்போதுதான் கற்றிருந்தேன். கற்றதைப் பயன்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து பெயின்ட் கம்பெனி ஆள் வருவதாக இருந்தது. தூளை அவர் சோதித்துச் சரியென்றால்தான் தரணேந்திரனுக்கு ஆர்டர். அதனால் வியாழக்கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டும். மிச்சமிருந்தது பைகள். மில்லிலிருந்து வரும் காற்று முழுக்கத் தூளாக இருக்கும். அதை நீளமான துணிப் பைகள் வழியாக விடுவோம். தூள் துணியில் தங்கிக் கீழே உதிரும், சுத்தமான காற்று கூரைக் குழாய் வழியாக வெளியே போகும். மொத்தம் தொண்ணூற்றாறு பைகள். ஒவ்வொன்றின் வாயிலும் எஃகு வளையம். மேல் தட்டில் உள்ள துளையில் அந்த வளையத்தை அழுத்தினால் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் தூள் பையைச் சுற்றிக்கொண்டு நேரே வெளியே போய்விடும்.

வியாழன் காலையிலிருந்து குனிந்தபடி இருவரும் பைகளை மாட்டினோம். தகரக் கூரைக்கு அடியில் நல்ல வெயில். கடைசி வரிசையை நானே மாட்டினேன். முனிரத்தினம் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார். முடித்தபோது மணி ஐந்து.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. கூரைக் குழாயின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, கொஞ்சமாக மண் போட்டு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். துணியில் வெள்ளை படிந்தால் எங்கோ ஒரு பை சரியில்லை என்று அர்த்தம். முதல் நாளே இதை முனிரத்தினத்துக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேன். அவர் வீட்டிலிருந்து ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார்.

"துணி கட்டிப் பாக்கலாமா சார்?"

கறாராக நடந்துகொள்ள வேண்டிய நேரம் அது. ஆனால் மூன்று நாளாக நான் ராத்திரியில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இன்னும் அரை மணியில் தரணேந்திரன் வீட்டில் இலை போடுவார்கள். அந்த வீட்டம்மா காலையிலேயே, "இன்னிக்காவது வந்துடுங்க," என்று சொல்லியிருந்தார். வோல்டேஜும் இறங்கித்தான் கிடந்தது. மோட்டார் ஓடுமா என்பதே சந்தேகம். அதையெல்லாம் முனிரத்தினத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வேணாம். பதினோரு வருஷமா மாட்டின கை இது," என்றேன். குளித்துவிட்டுப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். புடலங்காய்க் கூட்டும், ஆரணி அரிசிச் சோறும், தேங்காய் போட்ட பாயசமும். வெங்காயம் பூண்டு இல்லாமலே அத்தனை ருசி. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மில்லைப் போட்டோம். உடைத்துக் காயவைத்த மண்ணும் நன்றாக இருந்தது, வோல்டேஜும் இறங்காமல் இருந்தது. பீடோரில்கூட அது அவ்வளவு சீராக ஓடி நான் கேட்டதில்லை. தூளை ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் சோதனை. மணல் துளியளவு இருந்தாலும் பல் நறநறக்கும். நறநறக்கவில்லை. வெண்ணெய் மாதிரி கரைந்தது. முனிரத்தினமும் கடித்துப் பார்த்தார். முதல் முறையாக அவர் சிரித்தார்.

எட்டு மணிக்குப் பெயின்ட் கம்பெனி ஆள் வந்தார். தூளை எண்ணெயில் குழைத்து, மெல்லிய பள்ளம் வெட்டிய எஃகுப் பலகை ஒன்றில் போட்டு இழுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்று தடவை செய்தார். "பத்து மைக்ரானுக்குள்ள இருக்கு. இதுமாதிரி தொடர்ந்து குடுக்க முடியுமா?" என்றார். தரணேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயின்ட் கம்பெனி ஆளுக்கு ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடா கொடுத்தார்கள். அவர் தின்றுகொண்டே காரில் ஏறினார். தரணேந்திரன் என் கடிதத்தை எடுத்து, மேஜையில் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடுவதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். முழங்கை வரை கஞ்சி. வலது உள்ளங்கையை எங்கள் முன் விரித்துக் காட்டினார். கை வெள்ளையாக இருந்தது.

"இது உங்க மண்ணாங்க?" என்றார்.

அவர் பெயர் காஞ்சனா. பின்புறத் தெருவில் பட்டு நெய்கிறவர். குரலை உயர்த்தவே இல்லை. நான் வெளியே ஓடிக் கூரைக் குழாயைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெயில் படும் பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் குழாய் வாயில் மெல்லிய பால் நிறம் அசைவது தெரிந்தது. அவ்வளவு நைசான தூள் உடனே கீழே விழாது. காற்று கொண்டுபோகும் இடத்துக்கெல்லாம் போகும். அன்று காற்று தெருப் பக்கம் அடித்தது. முனிரத்தினம் அதற்குள் மில்லை நிறுத்திவிட்டார்.

தெருவுக்கு ஓடினோம். தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை இப்படி நீளமாகக் கட்டி, இழுத்து, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். காலை வெயிலில்தான் செய்வார்கள். மூன்று புடவைக்கான பாவு. அரக்கு நிறம். ஈரக் கஞ்சியின் மேல் எங்கள் மண் படிந்து அந்த அரக்கு சாம்பல் பூத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் நின்று ஆட்கள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"துடைக்காதீங்க," என்று கத்தினேன். "துடைச்சா இழைக்குள்ள போயிடும்."

காஞ்சனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க நெசவு பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. மண்ணு பாத்திருக்கேன். கஞ்சி காயறதுக்குள்ள தண்ணி அடிச்சா எறங்கிடும். காஞ்சிடுச்சுன்னா எறங்காது. சாயம் போகுமான்னு எனக்குத் தெரியாது."

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். "சாயம் நிக்கும். ஆனா போர் தண்ணி வேணாம், உப்பு. நல்ல தண்ணி வேணும்." பிறகு தெருவைப் பார்த்து, "யார் வூட்ல குடிக்கிற தண்ணி கீதோ கொண்டாங்க, ஜல்தி," என்றார்.

குழாயில் தண்ணீர் முந்தின நாள்தான் வந்திருந்தது. அடுத்து வர இன்னும் இரண்டு நாள் ஆகும். அதையும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடத்தில் கொண்டுவந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் கொண்டுவந்தார்கள். "மில்லு வெக்க வேற எடமே கெடைக்கலியா," என்றார் ஒருவர். "அரிசி மில்லு இருக்கும்போது தவுடுதான் வந்துகினு இருந்துச்சி, இப்ப மண்ணு," என்றார் இன்னொருவர். கஞ்சி தெளிக்கிற கருவியைக் கழுவி அதில் தண்ணீர் ஊற்றிக் காஞ்சனா தெளித்தார். நானும் முனிரத்தினமும் குடங்களைத் தூக்கினோம். இழைகளிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தெரு நடுவில் பால் ஓடுவது மாதிரி ஓடியது. அரக்கு நிறம் மெல்ல மெல்ல மேலே வந்தது.

இரண்டு மணி நேரம் ஆனது. மில்லுக்குப் பக்கத்து முனையில் கஞ்சி ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது. அங்கே எவ்வளவு தெளித்தும் மங்கல் போகவில்லை. காஞ்சனா இழைகளை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பொடவ தேறும். ஒண்ணு போச்சி," என்றார்.

பட்டு நூல் அவருடையது அல்ல. கொடுத்த முதலாளிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தரணேந்திரன் அதைத் தானே போய்ப் பேசிச் சரிசெய்வதாகத் தெருவில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பை மாட்டனது நம்ம முனிரத்தினம். புது மிஷினு, பழக்கமில்ல. மன்னிச்சிடுங்க," என்றும் சொன்னார். அவருக்கு அப்படித்தான் தெரியும்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் காலி குடத்தைப் பார்த்தேன். கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை பை அறையைத் திறந்தோம். கடைசி வரிசையில், நான் மாட்டியதில், நான்காவது பை. வளையம் ஒரு பக்கம் துளைக்கு மேலே ஏறி நின்றது. விரல் நுழையும் இடைவெளி. முனிரத்தினம் அதைப் பார்த்தார். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

எல்லாப் பைகளையும் கழற்றி மறுபடி மாட்டினோம். இந்த முறை ஒவ்வொன்றையும் அவர் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனோம். மத்தியானம் காஞ்சனா வந்தார்.

"கறுப்புத் துணின்னு ஏதோ கட்டிப் பாப்பீங்களாமே, மண்ணு ஒடைக்கிற பொம்பளைங்க சொன்னாங்க. அத்த உங்க கொழாய்ல கட்டாதீங்க. எங்க தெரு மொனைல கட்டுங்க. தெனம் நான் பாக்குறேன். வெள்ள தெரிஞ்சா வந்து சொல்லுவேன், நீங்க மில்லை நிறுத்தணும்," என்றார்.

தரணேந்திரன் என்னைப் பார்த்தார். தொழிலில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் தூள் போய்ச் சேருகிற இடத்தில் கட்டுவதுதான் சரி. "குழாய்லயும் ஒண்ணு கட்டுவோம், தெருவுலயும் ஒண்ணு கட்டுங்க," என்றேன். காஞ்சனா போனார்.

அவர் போனதும் நான் தரணேந்திரனிடம் சொன்னேன். கடைசி வரிசையை மாட்டியது நான். துணி கட்டிப் பார்க்கலாமா என்று முனிரத்தினம் கேட்டார். வேண்டாம் என்றது நான். உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதை என் பக்கம் தள்ளினார். "மில்லு நல்லா ஓடுதுன்னு எழுதி கீது. நல்லாத்தான் ஓடுது. எடுத்துகினு போங்க," என்றார். "ஆனா அவரை நான் தெருவுல வெச்சி சொல்லிட்டேனே சார்." அவர் குரலில் இருந்த வருத்தம் சுட்டது. ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

முனிரத்தினம் வாசலில்தான் நின்றிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என் சம்சாரத்தோட அண்ணன் வூடு அந்தத் தெருவுலதான் கீது," என்றார். "நேத்து கொடம் தூக்கிகினு போறேன், ஒருத்தரும் என் மூஞ்ச பாக்கல. இங்க சொல்லி இன்னா பிரயோசனம் சார்? அங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குச் சென்னை பஸ். அன்று இரவு விமானம். ஏழே முக்காலுக்குப் பெட்டியோடு அந்தத் தெருவுக்குப் போனேன். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனையில் கறுப்புத் துணி தொங்கியது. அதில் எதுவும் இல்லை. வேறொரு வீட்டின் பாவு கட்டியிருந்தார்கள். காஞ்சனா ஒரு முனையைப் பிடித்திருந்தார்.

"பொட்டிய அந்தாண்ட வெய்ங்க, பாவு மேல பட்டுடும்," என்றார்.

வைத்துவிட்டுச் சொன்னேன். பையைச் சரியாக மாட்டாதது நான், முனிரத்தினம் அல்ல. அவர் சோதித்துப் பார்க்கக் கேட்டார், நான்தான் கேட்கவில்லை.

காஞ்சனா கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். "ஏன் பாக்கல?"

"சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சுன்னு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வெறும் அலுப்பு. பாவைக் கட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட சொன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும். அன்னிக்கு எட்டு வூட்லேர்ந்து தண்ணி கொண்டாந்தாங்க. எல்லாரும் அவரைத்தான் பேசிகினு கீறாங்க. வாங்க."

பிறகு என்னை முதல் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். உள்ளே குரல் கொடுத்தார். வயசான ஒருவர் வந்தார். "இவரு ஒண்ணு சொல்லணுமாம்," என்றார் காஞ்சனா. நான் சொன்னேன். அவர், "சாப்பாட்டுக்கா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவது வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. நான்காவது வீட்டில் நான் பேசிய தமிழ் புரியவில்லை. மலேசியாவில் இப்படித்தான் பேசுவார்களா என்று கேட்டார்கள். மறுபடி சொன்னேன். ஐந்தாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் தப்பாகும் என்று, சூட்டோடு, நாக்கு வெந்துபோகக் குடித்தேன். ஆறாவது வீடு முனிரத்தினத்தின் மைத்துனர் வீடு. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அவரு எங்ககிட்ட ஒரு வார்த்தகூட சொல்லலியே," என்றார். அவர் குறை சொன்னது என்னை அல்ல, தங்களைத்தான். ஆனாலும் அங்கே நிற்க முடியவில்லை.

ஏழாவது வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மணி பார்த்தேன். எட்டு முப்பத்திரண்டு. இந்த ஊரில் ஒரு வாரமாக எதுவும் நேரத்துக்கு நடக்கவில்லை. அந்த பஸ் மட்டும் நேரத்துக்குக் கிளம்பியது. எட்டாவது வீட்டிலும் சொல்லி முடித்தேன்.

காஞ்சனா பாவுக்குத் திரும்பிவிட்டார். போய் வருகிறேன் என்றேன். "வாங்க," என்று மட்டும் சொன்னார், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெரு முனையில் முனிரத்தினம் தன் மொபெட்டில் காலை ஊன்றி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மில்லைத் தரணேந்திரன் பார்த்துக்கொள்கிறாராம். "செய்யாறு போய்ட்டா சென்னைக்கு அரை மணிக்கு ஒரு வண்டி கீது. குந்துங்க," என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அந்தச் சாலையில் இருந்த ஒவ்வொரு குழியும் பெட்டியின் விளிம்பு வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு தடவை இறங்கித் தள்ளினேன். ஒரு தடவை பெட்ரோலுக்காக நின்றோம். வயல்கள் வந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"எத்தினி வூட்ல சொன்னீங்க?"

"ஏழு."

"எட்டாச்சே."

"மூணாவது வீடு பூட்டியிருந்துச்சு."

கொஞ்ச தூரம் போனோம்.

"அவுங்க வெம்பாக்கத்துல பொண்ணு வூட்டுக்குப் போயி கீறாங்க," என்றார் முனிரத்தினம். "வரட்டும். நான் சொல்லிக்கிறேன்."